மூன்று சக்கரங்களும் மூன்று கேள்விகளும்

தை மாதத்து விடியற்காலையில் நுவரெலியாவின் புற்றரைகளை நோக்குவோர்க்கு, இரவோடிரவாக யாரோ உப்பை அள்ளித் தூவிவிட்டுப் போனாற்போலத் தோன்றும். அஃது உறைபனி. கதிரவன் மேலெழுந்த சிறிது நேரத்திற்குள் அது கரைந்து மறைந்துவிடும். கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் அமைந்த நமது நகரம் காணும் பனி இவ்வளவே. ஆனால் கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்திலே பனி என்பது கண்ணுக்கு விருந்தளிக்கும் காட்சி மட்டுமன்று. மாதக்கணக்கில் பாதைகளை மூடி, கிராமங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவிடும் பெருந்தடையும் அதுவே.

1934 ஆம் ஆண்டு மாரிகாலத்தில், அம்மாகாணத்தின் வால்கூர் என்னும் சிற்றூரில், ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியே என்ற மோட்டார் மெக்கானிக் ஒருவரின் இரண்டு வயது மகன் குடல்வால் அழற்சியினால் துடித்தான். வைத்தியசாலைக்குப் போகும் பாதையைப் பனி மூடிவிட்டது. பனியின்மேல் ஓடக்கூடிய வண்டி ஒன்றைச் செய்யும் முயற்சியில் அத்தந்தை அதற்கு முன்னரே ஈடுபட்டிருந்தார். ஆனால் அவ்வண்டி அப்போது ஓடும் நிலையில் இருக்கவில்லை. குழந்தை இறந்துபோயிற்று. அத்துயரத்தை நெஞ்சிற் சுமந்துகொண்டு உழைத்த பொம்பார்டியே, 1937 இல் தமது பனிவண்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஓரிருவர் ஏறிச் செல்லத்தக்க 'ஸ்கி டூ' என்னும் சிறிய பனிவண்டி 1959 இல் வெளிவந்தது.

இன்று வடதேசங்களிலே அவ்வண்டி மக்கள் வாழ்க்கையோடு கலந்துவிட்டது. ஆண்டுதோறும் புதிய மாதிரிகள் வெளிவருகின்றன. "விலை இவ்வளவு கூடியிருக்கிறதே, அதற்குத் தக்க மேம்பாடு இருக்கிறதா?" என்பதே வாங்குவோர் கேட்கும் முதற் கேள்வி. நமக்குப் பனிவண்டி தேவையில்லை. ஆயினும், பாதை முடியும் இடத்திற்கும் வைத்தியசாலை வாசலுக்கும் நடுவே ஓடுகின்ற வண்டி ஒன்று நம்மிடமும் உண்டு. அதுவே முச்சக்கர வண்டி; நமது பேச்சு வழக்கில் ஆட்டோ. அதன் புதிய மாதிரியை வாங்கலாமா, வேண்டாமா என்ற கேள்வி இன்று தோட்டத்து லயங்கள் பலவற்றில் இரவு வெகுநேரம் வரை விளக்கை எரிய வைக்கின்றது. அக்கேள்வியைச் சிறிது ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேனீ வந்த வழி

இரண்டாவது உலகப் போரில் அடிபட்டுக் கிடந்த இத்தாலி நாட்டிலே, விமானப் பொறியியலாளரான கொறாடினோ தஸ்கானியோ என்பவர் பியாஜியோ கம்பெனிக்காக 1946 இல் 'வெஸ்பா' ஸ்கூட்டரை அமைத்துக் கொடுத்தார். வெஸ்பா என்றால் குளவி என்று பொருள். 1948 இல் அந்தக் குளவிக்கு மூன்றாவது சக்கரம் ஒன்று சேர்க்கப்பட்டு, 'ஆப்பே' எனப்படும் தேனீ பிறந்தது. சிறு வியாபாரிகள் காய்கறியும் விறகும் ஏற்றிச் செல்வதற்கென்று செய்யப்பட்ட வண்டி அது. பஜாஜ் நிறுவனம் ஈருருளி, மூவுருளி வண்டிகளைச் செய்வதற்கு இந்திய அரசிடமிருந்து 1959 இல் அனுமதி பெற்றது. கனடாவில் 'ஸ்கி டூ' வெளிவந்த அதே ஆண்டிலே நமது ஆட்டோவுக்கும் இந்திய மண்ணில் வித்திடப்பட்டது என்பது வியக்கத்தக்க ஒற்றுமையாகும்.

1977 க்குப் பின்னர் நமது நாட்டிலே இறக்குமதிக் கதவுகள் திறக்கப்பட்டபோது ஆட்டோவும் பெருகத் தொடங்கியது. இன்று இலங்கையில் பதிவு செய்யப்பட்ட முச்சக்கர வண்டிகளின் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டிவிட்டது. கொழும்பிலே அது வாடகைக் காருக்கு மாற்று. மலையகத்திலோ அதற்கு மாற்றே இல்லை. பஸ் பெருந்தெருவோடு போய்விடும். அங்கிருந்து மேற்கணக்கு லயத்துக்கு மூன்று மைலோ நான்கு மைலோ கல்லும் குழியுமான பாதை. பிரசவ வேதனையோடு துடிக்கும் பெண்ணும், பரீட்சைக்குப் போகும் மாணவனும், நெஞ்சு வலி கண்ட முதியவரும் அந்தப் பாதையில் நம்பியிருப்பது இந்த மூன்று சக்கரங்களையே. 2016 இல் ஆரம்பிக்கப்பட்டுப் பின்னர் நாடெங்கும் விரிந்த 1990 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை பெரும் வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அம்புலன்ஸ் ஏற முடியாத பாதையிலிருந்து நோயாளியைப் பெருந்தெருவுக்குக் கொண்டுவரும் வேலை பல தோட்டங்களில் ஆட்டோவின் தலையிலேயே விழுகின்றது.

ஒரு தாய் கேட்டவை

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே, அண்மையில் ஓய்வு பெற்ற தாய் ஒருத்தியும் அவளுடைய மகனும் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஊழியர் சேமலாப நிதியிலே, பெண்கள் ஐம்பது வயதிலும் ஆண்கள் ஐம்பத்தைந்து வயதிலும் தமது சேமிப்பைப் பெற்றுக்கொள்ளலாம் என்பது யாவரும் அறிந்ததே. அவ்வாறு முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த கைகளுக்கு வந்து சேர்ந்த பணம் அது. மகன் புதிய வண்டியின் விலைப்பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு, அதன் நிறம், விளக்கு, ஆசனம், பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் வருணித்தான். தாய் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு, தம்பி. மழை நாள்ல நம்ம மேட்டு லயத்துக்கு நாலு பேரை ஏத்திக்கிட்டு ஏறுமா? எறங்கையில புடிச்சா நிக்குமா? மாசம் பொறந்தா நம்மளால கட்ட முடியுமா? இந்த மூணையும் கேட்டுக்கிட்டு வா. மத்ததைப் பொறவு பாப்போம்."

"கடைக்காரர் எல்லாம் புது மொடல்ங்கிறாரும்மா" என்றான் மகன்.

"அவரு நம்ம ரோட்டுல ஓட்டமாட்டாரு, தம்பி" என்றாள் தாய்.

ஏறுமா, நிற்குமா, கட்டுமா? பொறியியல் நூல்கள் பல பக்கங்களில் விரித்துரைப்பதை அவள் மூன்று சொற்களில் அடக்கிவிட்டாள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது கேள்வி: ஏறுமா?

எஞ்சின் பெற்றோலை மட்டும் உண்டு வாழ்வதன்று, காற்றையும் உண்கின்றது. கடற்கரையிலுள்ள காற்றழுத்தத்தோடு ஒப்பிட்டால் நுவரெலியாவின் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. ஆகவே கொழும்பிலே முழு வலிமையோடு இழுக்கும் அதே எஞ்சின், நமது ஊருக்கு வந்ததும் ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழந்துவிடுகின்றது. எங்கு பலம் மிகுதியாக வேண்டுமோ அங்கேதான் அது குறைந்தும் போகின்றது. விலைப்பட்டியலிலே அச்சிட்டிருக்கும் குதிரைவலு கடல்மட்டத்துக்கு உரிய கணக்கு என்பதை வாங்குவோர் முதலில் மனத்திற் கொள்ளவேண்டும்.

பழைய வண்டிகளில் இருந்தவை 'டூ ஸ்ட்ரோக்' எஞ்சின்கள். ஏறத்தாழ 145 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு கொண்டவை. சுழலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தள்ளு கிடைப்பதால் அவை அளவிற் சிறியவையாயினும் துடிப்பானவை. ஆனால் அவற்றில் எண்ணெயைப் பெற்றோலோடு சேர்த்தே எரிக்க வேண்டும். மேலும், எரிந்த புகையை வெளியே தள்ளுவதற்காக உள்ளே வரும் புதிய கலவையில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு போய்விடும். காசு கொடுத்து வாங்கிய பெற்றோல் நீலப் புகையாகித் தேயிலை மலையில் கலந்தது என்றே சொல்லலாம். அக்காரணத்தால் 2000 க்குப் பிந்திய பத்தாண்டின் இறுதியளவில் அவ்வகை முச்சக்கர வண்டிகளின் இறக்குமதியை நமது அரசு தடை செய்தது. பின்னர் வந்தவை 'போர் ஸ்ட்ரோக்' வண்டிகள். ஏறத்தாழ 200 கன சென்ரிமீற்றர் அளவுள்ள இவ்வெஞ்சின்களில் உள்ளிழுத்தல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல் என்ற நான்கு தொழில்களும் தனித்தனியே நடைபெறுவதால் பெற்றோல் வீணாவது மிகக் குறைவு. இந்த ஒரு மாற்றம் உண்மையான மேம்பாடு. அதற்குக் கொடுத்த விலை வீணன்று.

அடுத்த படி, பெற்றோலைக் காபரேற்றர் மூலம் விடாமல், அளவறிந்து தெளிக்கும் முறையாகும். காபரேற்றர் கடற்கரையில் எப்படிப் பெற்றோலை விடுமோ ஏறக்குறைய அப்படியே மலையிலும் விடும். காற்றுக் குறைவு, பெற்றோல் அதிகம். அதனாற் கரும்புகையும், பிளக்கில் கரியும், வீண் செலவும் உண்டாகின்றன. தெளிப்பு முறையோ காற்றழுத்தத்தை உணர்ந்து தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். இந்தியாவிலே 2020 ஏப்ரல் மாதம் 'பி.எஸ். 6' எனும் கடுமையான புகை விதி நடைமுறைக்கு வந்தபின் இம்முறை அங்கே வழக்கமாயிற்று. நமது நாட்டில் விற்கப்படும் வண்டியில் எது உள்ளது என்று கேட்டறிவது வாங்குவோரின் கடமை. சமவெளியில் ஓட்டுபவருக்கு இது சிறிய வேறுபாடு. கந்தப்பளையிலும் இராகலையிலும் ஓட்டுபவருக்குப் பெரிய வேறுபாடு.

மூன்றாவதாக வந்திருப்பது மின்சார ஆட்டோ. மின்மோட்டார் காற்றை உண்பதில்லை. ஆதலால் உயரம் அதன் பலத்தைக் குறைப்பதுமில்லை. நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையையும் கொடுக்கும். மேட்டில் நிறுத்தி எடுப்பதில் அதற்கு இணையில்லை. ஆனால் பற்றரி எவ்வளவு தூரத்துக்குத் தாங்கும்?

பௌதிகம் படிக்கும் மாணவர்கள் இதைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஹட்டன் 1271 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. அங்கிருந்து நுவரெலியாவுக்கு உயர வேறுபாடு ஏறத்தாழ 600 மீற்றர். வண்டியும் ஆட்களுமாக 700 கிலோ என்று கொள்வோம். எழுநூறை 9.8 ஆலும் பின்னர் 600 ஆலும் பெருக்கினால் 41 இலட்சம் ஜூலுக்குச் சற்று அதிகம். ஓர் அலகு மின்சாரம் என்பது 36 இலட்சம் ஜூல். எனவே, உயரத்தை வெல்வதற்கு மாத்திரம் ஓர் அலகுக்குச் சற்று மேலே செலவாகின்றது. இயந்திர இழப்புகளையும், இடையிலே இறங்கி மீண்டும் ஏறும் வளைவுகளையும், பாதையின் உராய்வையும் சேர்த்தால் அது மேலும் பெருகும். இந்தியாவில் 2018 இல் வெளிவந்த மஹிந்திரா 'ட்ரியோ' போன்ற வண்டியின் பற்றரி 7.37 அலகு கொள்வது. சமவெளியில் ஓடும் தூரத்தை விளம்பரத்திற் பார்த்துவிட்டு, அதே தூரம் மலையிலும் ஓடும் என்று நம்புவது ஏமாற்றத்துக்கே இடமாகும். குளிரிலும் பற்றரியின் கொள்திறன் சிறிது குறைவுபடும் என்பதையும் மறத்தலாகாது.

ஆகவே முதலாவது கேள்விக்கு விடை காகிதத்தில் இல்லை, பாதையில் இருக்கின்றது. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, உங்கள் தோட்டத்து மிகச் செங்குத்தான மேட்டிலே நிறுத்தி, மீண்டும் எடுத்துப் பாருங்கள். அதற்கு இணங்காத விற்பனையாளரிடம் அவசரப்பட்டு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது கேள்வி: நிற்குமா?

ஏறாத வண்டி பணத்தை விழுங்கும். நிற்காத வண்டி ஆளையே விழுங்கிவிடும். 2023 ஜனவரி 20 ஆம் திகதி இரவு, நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியிலே பஸ் ஒன்றும், வான் ஒன்றும், முச்சக்கர வண்டி ஒன்றும் மோதுண்டதில் ஏழு உயிர்கள் பறிபோயின. ஆட்டோ சாரதியும் அவர்களுள் ஒருவர். செங்குத்தான இறக்கம் என்றால் என்ன என்பதை மலையகம் அன்று மீண்டும் ஒருமுறை கண்ணீரோடு கற்றது.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அதன் உறுப்புகள் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். அதனாலேதான் பழைய சாரதிகள், 'எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு' என்று இளைஞருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கியரைக் குறைத்தால் எஞ்சினே வண்டியைப் பின்னிழுத்துப் பிடிக்கும். இவ்வகையிலும் டூ ஸ்ட்ரோக்கை விடப் போர் ஸ்ட்ரோக் எஞ்சின் நன்றாகப் பிடிக்க வல்லது. கியரை நியூட்ரலில் விட்டு உருட்டிக்கொண்டு வந்தால் ஒரு சிரங்கை பெற்றோல் மிச்சமாகலாம். ஆனால் அந்த மிச்சத்துக்காக எதைப் பணயம் வைக்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மின்சார வண்டிகளிலே மோட்டாரே இறக்கத்தில் மின்னாக்கியாக மாறி, வண்டியின் வேகத்தைக் குறைத்து, அந்தச் சக்தியைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்பும். இஃது அருமையான ஏற்பாடு. ஆயினும் இதில் மலைவாசிகள் அறியவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நிரம்பிய குடத்தில் நீர் கொள்ளாது. இரவு முழுவதும் நுவரெலியாவிலே பற்றரியை முற்றாக நிரப்பிக்கொண்டு, விடிந்ததும் லபுக்கலை வழியாக றம்பொடைக்கு இறங்குகின்ற சாரதிக்கு, அந்தச் சக்தியைச் சேர்த்து வைக்கப் பற்றரியில் இடமிராது. ஆகவே மோட்டாரின் பிடியும் அப்போது தளர்ந்துவிடலாம். எந்நாளும் பிடித்த வண்டி இன்று ஏன் பிடிக்கவில்லை என்று அவர் திகைப்பார். மேட்டில் வாழ்வோர் பற்றரியைச் சிறிது குறைவாகவே நிரப்பிக்கொண்டு இறங்குவதும், கால் பிரேக்கை எப்போதும் நல்ல நிலையில் வைத்திருப்பதும் இதற்குரிய பரிகாரங்களாகும்.

மேம்பாடு என்ற பெயரில் விற்கப்படுபவற்றை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம். மூடுபனியை ஊடுருவும் நல்ல விளக்கு, ஈரத்தில் வழுக்காத டயர், மேட்டில் உறுதியாக நிற்கும் கைப்பிரேக், மழைநீர் உட்புகாத பக்கத்திரை ஆகிய யாவும் மேம்பாடுகளே. பளபளக்கும் தகடுகளும் ஆளுயரப் பாட்டுப் பெட்டியும் வெறும் பாரமாகும். முன்னே ஒற்றைச் சக்கரத்தில் நிற்கும் வண்டிக்கு, வளைவுகளில் பாரம் உயர உயரக் கவிழும் ஆபத்தும் உயரும். அழகு வேண்டாம் என்பது நமது வாதமன்று. பிரேக்குக்குப் பிறகு அழகு என்பதே நமது வாதம்.

மூன்றாவது கேள்வி: கட்டுமா?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அது தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட காலத்தில் புதிய வண்டி இல்லாமையால் பழைய வண்டியின் விலை ஏறியது. 2022 இன் முற்பகுதியில் 200 ரூபாவளவில் இருந்த டொலரின் பெறுமதி, சில மாதங்களுக்குள் 360 ரூபாவைத் தொட்டது. ஆகவே மீண்டும் வந்த புதிய வண்டியின் விலையைக் கேட்டவர்கள் திடுக்கிட்டதில் வியப்பில்லை.

கணக்கு விளங்கும் பொருட்டு, வண்டியின் விலை 20 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாவாகவும், 2024 இல் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதனை 1750 ரூபாவாக உயர்த்த முன்மொழிந்தது. 1350 ரூபா கணக்கில் இந்த வண்டி 1481 நாட்கள் கொழுந்து பறித்த கூலி. 1750 ரூபா கணக்கிலும் 1143 நாட்கள். மாதம் 25 நாட்கள் தவறாமற் பேர் விழுந்தாலும், உண்ணாமல் உடுக்காமல் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் உழைக்கவேண்டும். விலையை ரூபாவில் எண்ணும்போது எளிதாகத் தோன்றுவது, நாட்களில் எண்ணும்போது அதன் உண்மையான பாரத்தைக் காட்டுகின்றது.

இனித் தவணையைப் பார்ப்போம். பத்து இலட்சத்தைக் கையிலிருந்து கொடுத்து, எஞ்சிய பத்து இலட்சத்தை நூற்றுக்கு 16 வட்டியில் நான்கு ஆண்டு லீசிங்காக எடுத்தால், மாதத் தவணை சுமார் 28,300 ரூபா. நான்கு ஆண்டு முடிவில் கட்டிய தொகை 13 இலட்சத்து 60 ஆயிரம். அதாவது வட்டி மாத்திரம் 3 இலட்சத்து 60 ஆயிரம். மாதம் 25 நாட்கள் ஓடினால் தவணைக்கென்று நாளொன்றுக்கு 1130 ரூபா எடுத்து வைக்க வேண்டும். நாளுக்கு 80 கிலோமீற்றர் ஓடி, லீற்றருக்கு 20 கிலோமீற்றர் கிடைத்து, பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்றால், எரிபொருட் செலவு 1200 ரூபா. டயர், எண்ணெய், காப்புறுதி, வரிப்பத்திரம் ஆகியவற்றை விட்டாலும், 2330 ரூபா உழைத்த பிறகே வீட்டுக்குரிய முதல் ரூபா கைக்கு வருகின்றது. ஏப்ரல் வசந்தகாலத்தில் இது கடினமன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆட்டோத் தரிப்பிடத்திலே வரிசையாக நின்று காத்துக்கிடக்கும் நாட்களில் இது மலையாகும்.

மின்சார வண்டி சேமிப்புத் தருமா? நூறு கிலோமீற்றருக்கு ஒன்பது அலகு என்றும், அலகு 50 ரூபா என்றும் கொண்டால், 80 கிலோமீற்றருக்குச் செலவு ஏறத்தாழ 360 ரூபா. பெற்றோலோடு ஒப்பிட நாளுக்கு 840 ரூபாவும், மாதத்துக்கு 21,000 ரூபாவும் மிச்சம். மின்சார வண்டிக்கு நான்கு இலட்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் 19 மாதங்களில் அது திரும்பிவிடும். ஆனால் நாளுக்கு 40 கிலோமீற்றரே ஓடுபவருக்கு அதே தொகை திரும்ப 38 மாதங்கள் ஆகும். அதற்குள் பற்றரி தளர்ந்தால் இலாபம் போயிற்று. ஆகவே எத்தனை ஆண்டுகளுக்குப் பற்றரிக்கு உத்தரவாதம், அதை மாற்ற என்ன விலை, பழுது பார்ப்பவர் ஹட்டனில் இருக்கிறாரா அல்லது கொழும்புக்கே போகவேண்டுமா என்பவற்றை எழுத்திற் பெறவேண்டும். மேலே தந்தவை எடுத்துக்காட்டான எண்களே; அவற்றை எடுத்துவிட்டு உங்கள் சொந்த எண்களைப் போட்டுப் பார்ப்பதே முறை.

மற்றுமோர் எச்சரிக்கை: பழைய லயத்து அறைகளின் மின்கம்பிகள் விளக்குக்கும் வானொலிக்கும் என்று போடப்பட்டவை. இரவு முழுவதும் பற்றரிக்கு மின்னேற்றுவதற்கு அவை தாங்கமாட்டா. தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு தனிக்கம்பியும், மண்தொடுப்பும், தன்னியக்க ஆளியும் அமைத்த பின்னரே அதைச் செய்யவேண்டும். ஒரு வீட்டின் தீ ஒரு லயத்தையே எரித்துவிடும் என்பதை நாம் அறியாதவர்களல்லோம்.

எந்த வழியிலும் முழுப் பாதுகாப்பு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2022 இல் பெற்றோல் விலை லீற்றருக்கு 470 ரூபாவை எட்டியது, ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்தபோது ஆட்டோவுக்கு வாரம் ஐந்து லீற்றரே கிடைத்தது. மின்சாரத்தை நம்பலாம் என்றால், அதே ஆண்டு மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு நிலவியது. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயலின்போது மண்சரிவுகள் மலையகப் பாதைகளைத் துண்டித்தன. அப்போது எந்த வண்டிக்கும் ஓட இடமில்லை. ஆயினும் தவணைத் திகதி மாத்திரம் மண்சரிவில் அகப்படுவதில்லை. ஆகவே ஆறு மாதத் தவணைக்குரிய பணத்தையாவது கையிருப்பில் வைக்க முடியாதவர், புதிய வண்டிக்கு இன்னும் ஆயத்தமாகவில்லை என்றே கருதவேண்டும். அத்தகையவர் தம்மிடமுள்ள போர் ஸ்ட்ரோக் வண்டியின் எஞ்சினையும் பிரேக்கையும் நன்கு திருத்திக்கொண்டு, மேலும் இரண்டு ஆண்டு ஓட்டிச் சேமிப்பது தாழ்வன்று, அது விவேகம். நெருக்கடிக்குப் பின்னர், பழைய பெற்றோல் ஆட்டோவை மின்சார ஆட்டோவாக மாற்றும் பரீட்சார்த்த முயற்சிகளும் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் துணையோடு நமது நாட்டில் தொடங்கப்பட்டன. அவ்வழியையும் கவனித்து வரலாம்.

முடிவாக

அந்தத் தாயும் மகனும் என்ன செய்தார்கள் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். மகன் மறு வாரம் கடைக்குப் போனான். இம்முறை நிறத்தைப் பற்றிக் கேட்கவில்லை. வண்டியைத் தோட்டத்துக்குக் கொண்டுவரச் செய்து, தாயையும், அயல்வீட்டுக்காரர் இருவரையும் ஏற்றிக்கொண்டு மேட்டு லயத்துக்கு ஓட்டிப் பார்த்தான். ஏறியது. இறக்கத்திலே பிடித்தான்; நின்றது. பின்னர் இருவரும் அடுப்படியில் அமர்ந்து, பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றின் பின்பக்கத்தில் மூன்றாவது கேள்விக்குக் கணக்குப் போட்டார்கள். மழை மாதத்து வரிக்கு வந்தபோது பென்சில் நின்றுவிட்டது. "இன்னும் ஒரு வருசம் பழைய வண்டியை ஓட்டிச் சேத்துக்கிறேன், அம்மா. ஒங்க காசுல பாதியைத் தொடாம வைப்போம்" என்றான் மகன். தாய் ஒன்றும் பேசவில்லை; தேநீர்க் கோப்பையை அவன் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

கியூபெக்கின் பனியிலே தன் குழந்தையை இழந்த அத்தந்தைக்கு வேண்டியிருந்தது அழகான வண்டியன்று. வேண்டிய வேளையில் ஓடும் வண்டி. நமது மலைகளிலும் நள்ளிரவில் யாரோ ஒருவர் லயத்துக் கதவைத் தட்டி, "அண்ணே, வண்டி எடுங்க, அவசரம்" என்று கூவும் நேரம் வரத்தான் செய்யும். அந்நேரத்தில் மேட்டில் ஏறவும், இறக்கத்தில் நிற்கவும், கடன்காரரால் பறிமுதல் செய்யப்படாமல் வாசலில் இருக்கவும் வல்ல வண்டி எதுவோ, அதுவே விலை கொடுத்து வாங்கத்தக்க வண்டியாகும். அது புதிய மாதிரியாகவும் இருக்கலாம். நன்றாகப் பேணிய பழைய மாதிரியாகவும் இருக்கலாம்.